நானூற்று மூன்று மில்லிமீட்டர்

அப்பர் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில், மேட்டின் மேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு ஜாகா, அதாவது காவல்காரர், இயேசுதாசன். காலையில் கேட்டைத் திறப்பது, மாலையில் பூட்டுவது, புல் வெட்டுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது என்று வேலை முதுகை ஒடிக்கும். ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மனிதர் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார். "மழை அளக்குறேன்" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு அவரோடு பேச்சு இல்லை.

சொன்னது பொய்யும் இல்லை. திடலின் மூலையில், முழங்கால் உயர வேலிக்குள், வானிலை ஆபீஸ்காரர்கள் நட்டுவைத்த மழைமானி ஒன்று இருந்தது. அவர் வாயில் அது கேஜு. ஐந்து அங்குல வாய் உள்ள செம்புப் புனல், அதன் கீழே ஒரு போத்தல், போத்தல் வழிந்தால் பிடித்துக்கொள்ள அதைச் சுற்றி ஒரு செம்புக் குவளை. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் விழுந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அறுபத்து நாலில் தொடங்கிய வேலை. முதலில் அங்குலம், பிறகு மில்லிமீட்டர். பதினான்கு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. தாயார் இறந்துபோன தந்தி வந்த காலையிலும் அளந்துவிட்டுத்தான் அழுதார்.

அவர் மனைவி அல்போன்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அளவுக் கண்ணாடியை ஒரு தடவை அவள் கற்பூரவல்லிக் குச்சி வேர் விடுவதற்காக ஜன்னலில் வைத்துவிட்டாள். குடி முழுகிப்போன மாதிரி குதித்தார். அன்றிலிருந்து கண்ணாடி அலமாரிக்குள், சாவி அவர் அரைஞாணில்.

"அளக்கத் தெரியாதவ கையில அது எதுக்கு?" என்பார்.

"தெரியாதவதான். உங்களுக்கு முப்பது வருஷமா உப்புப் போட்டுச் சமைக்கிறவளும் அவதான்" என்பாள் அவள்.

வெயில் காலத்தில் இந்தச் சண்டை இன்னும் ருசியாக இருக்கும். முந்தின வருஷம் ஒரு சொட்டு மழை இல்லாமல் வாரக்கணக்கில் காய்ந்தது. திடல் புல் கருகி, மண் வெடித்து, பிள்ளைகள் காலணி தேய ஓடினால் புழுதி பறந்தது. அப்போதும் எட்டு மணிக்கு இவர் வேலிக்குள் குனிந்து, காலிப் போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சைபர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வானத்தைப் பாத்தாலே தெரியுது மழை இல்லைன்னு. போயிக் குனிஞ்சு வேற பாக்கணுமா?"

"இல்லைங்கறதையும் பாத்துத்தான் சொல்லணும், அல்போன்சு. தின்னுட்டேன்னு வாயால சொன்னா வயிறு நெறையுமா?"

தனியாக இருக்கும்போது பழைய நோட்டுகளைப் புரட்டுவார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்து நாளாகியிருந்தது. அட்டைகளை வாங்கிப் போக வருகிற வானிலை ஆபீஸ் மாணிக்கத்திடம் அதைச் சொல்லியும் பார்த்தார்.

"தம்பி, மழை நாள் கொறைஞ்சுக்கிட்டே வருது. ஆனா மழை கொறையல. சேத்து வெச்சு ஒரே நாள்ல ஊத்துது. வெயிலும் அப்படித்தான், அடிச்சா நிறுத்த மாட்டேங்குது."

மாணிக்கம் சிரித்தான். "பதினாலு வருஷம்லாம் வானத்துக்கு ஒரு கொட்டாவி விடுற நேரம், அண்ணே. நீங்க நம்பரை மட்டும் குடுங்க லா. மத்ததை ஆபீசுல பாத்துக்குவாங்க."

எழுபத்தெட்டு டிசம்பர் முதல் சனிக்கிழமை. மகள் பிரிஜட் பூன் லேயில் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. மாமியார்க்காரி வந்து பார்த்துக்கொண்டாள் என்றாலும், பத்தியக் காயம் அல்போன்சம்மாள் இடித்து உருட்டினால்தான் மகளுக்கு இறங்கும். எட்டு மணிக்கு அளந்து எழுதிவிட்டு, காய உருண்டைப் போத்தலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இயேசுதாசன் பஸ் ஏறினார். தூறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னார். "கேஜுகிட்ட யாரையும் விடாதே, நீயும் போகாதே" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வர முடியவில்லை. பிற்பகலில் வானம் பிய்ந்துகொண்டது. ஊரே வெள்ளக்காடு, பஸ் எல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குவளை எப்போது நிறையும், எப்போது வழியும் என்று மனம் கணக்குப் போட்டது. நாலு மணிக்கே வழிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறம் விழுவதெல்லாம் மண்ணுக்குத்தான். சாவி இடுப்பில் உறுத்தியது.

மறுநாள் காலை கிடைத்த பஸ் புக்கிட் தீமா வரை வந்து நின்றுகொண்டது. அங்கிருந்து நடை. முழங்கால் தண்ணீர், சில இடத்தில் இடுப்புத் தண்ணீர். வழியில் செத்த கோழிகள், மிதக்கிற மெத்தை, கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர். பள்ளிக்கூட மேட்டில் ஏறும்போது மணி இரண்டுக்கு மேல். கீழே ஆற்றோரத்துக் காய்கறித் தோட்டங்கள், பன்றிக் கொட்டில்கள், அப்துல் கஃபாரின் சரபத் கடை எதையும் காணோம். பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது.

நேரே மழைமானிக்குப் போனார். புனலைத் தூக்கினார். குவளை காய்ந்திருந்தது. போத்தலில் கால் வாசி.

யாரோ கொட்டிவிட்டார்கள்.

பள்ளி மண்டபத்தில் ஆற்றோரத்துக் கம்போங் கிராமத்து ஜனங்கள் பதினைந்து பேர் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அல்போன்சம்மாள் பெரிய அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிச் சம்பல். கணவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

"கேஜை யாரு தொட்டது?"

"நான்தான். நெறைஞ்சு வழியப் பாத்துச்சு, அதான்..."

"அதான் கொட்டிட்டியா? பதினாலு வருஷம்! இந்த மாதிரி மழை இனிமே எம் வாழ்நாள்ல வருமா? அறிவிருக்கா உனக்கு? ஒண்ணும் தெரியாட்டி சும்மா இருக்கவாவது தெரியணும்!"

அல்போன்சம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். அடுத்த கிண்ணத்துக்குக் கஞ்சி ஊற்றினாள். அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.

சோறு வந்தது, தேத்தண்ணீர் வந்தது, துவைத்த சட்டை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. இரவு ஜெபத்தில்கூட அவள் சுவரில் ஆணியில் தொங்கிய ஜெபமாலையை எடுக்கவில்லை. விரலை மடக்கி மடக்கி அருள் நிறைந்த மந்திரம் சொன்னாள். கோபம் மாதாமேலும் திரும்பிவிட்டதோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வெள்ளையாக இருந்தது. முந்நூறு என்று எழுதலாம். முந்நூற்று ஐம்பது என்றும் எழுதலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? பேனாவை மூடி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாணிக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினான். "அண்ணே, ஆத்துப் பக்கம் இருந்த கேஜெல்லாம் முழுகிப்போச்சு. இந்தப் பக்கம் மேட்டுல இருக்கிறது உங்களுது ஒண்ணுதான். இந்த ஆத்தை வெட்டி அகலப்படுத்தி சிமெண்டு போடப்போறாங்க. எவ்வளவு அகலம்னு இஞ்சினியருங்க கேக்குறாங்க. உங்க நம்பரை வெச்சுத்தான் லா. நாளைக்குக் காலைல வர்றேன்."

போனை வைத்துவிட்டு இயேசுதாசன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்துல் கஃபாரின் மனைவி மைமூன், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், கிட்டே வந்தாள்.

"என்னண்ணே, தலைல கைய வெச்சு உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அன்னிக்குத் தண்ணியைக் கீழ கொட்டிட்டா உங்க அக்கா. அதான்."

"கொட்டவா?" மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாவே! கொழாயில சேறு வந்துச்சுண்ணே. குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணி இல்ல. அக்கா அந்தக் கேஜுத் தண்ணியைத்தான் துணில வடிகட்டி அண்டால வெச்சிருந்துச்சு. அதுல காய்ச்சின கஞ்சிதான் நாங்க எல்லாம் குடிச்சோம். நீங்க வந்து சத்தம் போட்டப்ப எம் மகன் ரெண்டாவது கிண்ணம் குடிச்சுக்கிட்டு இருந்தான்."

பதினான்கு வருஷத்தின் பெருமழையைப் பதினைந்து பேர் கஞ்சியாகக் குடித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அதுவும் சும்மா ஊத்தலண்ணே. ஒவ்வொரு டின்னா அளந்து அளந்து ஊத்துச்சு. நான்தான் குடை பிடிச்சேன்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அல்போன்சம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அல்போன்சு... எந்த டின்னு?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"மைமூன் சொன்னுச்சு. எத்தனை டின்னு ஊத்தினே?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? நான் அளக்கத் தெரியாதவ."

"தப்புத்தான். பதினஞ்சு பேருக்கு முன்னாடி வெச்சுப் பேசினது தப்பு. ஜனங்க இன்னும் மண்டபத்துலதான் இருக்காங்க, வா, அவங்க முன்னாடியே மன்னிப்புக் கேக்குறேன்."

"அதெல்லாம் வேணாம்." வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்துக்காக என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். "வெளிய போற அவசரத்துல சாவியை நீங்க கொண்டுபோயிட்டீங்க. மத்தியானம் போயிப் பாத்தா போத்தல் வழிஞ்சு குவளைக்கு ஏறிட்டு இருந்துச்சு. விட்டா வழிஞ்சிடும். வழிஞ்சா நீங்க செத்துருவீங்க. அரிசி அளக்குற பால் டின்னைக் கழுவி எடுத்துட்டுப் போனேன். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காலைல எட்டு மணி அடிச்சதும் கடைசியா ஒரு தடவை. நீங்க எட்டுக்குத்தானே பாப்பீங்க? எடுத்து ஊத்தி வைக்கிறதுக்குள்ள ஒரு வாய் மழை வெளிய போயிருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?"

"எத்தனை டின்னு?"

"எழுதத் தெரியாதே எனக்கு." சுவரைக் காட்டினாள். "டின்னுக்கு ஒரு மணி நகத்தினேன்."

ஜெபமாலை ஆணியில் தொங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஒரு பத்து மணி முடிந்து, அடுத்த பத்தில் ஆறாவது மணியை ஒட்டி ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

"அதுக்கு மேல அரை டின்னு. அது என் மனசுல இருக்கு" என்றாள். "எடுத்து ஜெபம் சொன்னா மணி மாறிடுமேன்னுதான் மூணு நாளா விரல்ல சொல்லிட்டு இருக்கேன். மாதா மன்னிப்பா. நீங்க மன்னிப்பீங்களான்னுதான் தெரியல."

இயேசுதாசன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். அலமாரியைத் திறந்து அளவுக் கண்ணாடியை எடுத்துவந்தார். டின்னை அவளிடம் கொடுத்து, அன்றைக்கு ஊற்றின மாதிரியே ஊற்றச் சொன்னார். அவள் வாளியில் முக்கி எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, ஒரு சொட்டு தளும்பாமல் நீட்டினாள். அளந்தார். இருபத்து நாலு புள்ளி நாலு. இன்னொரு தடவை. இருபத்து நாலு புள்ளி நாலு. மூன்றாவது தடவை, இருபத்து நாலு புள்ளி ஐந்து. அரை டின் கேட்டார். பன்னிரண்டு புள்ளி இரண்டு. பிறகு தானே ஒரு டின் எடுத்தார். விளிம்பு தளும்பித் தரையில் சிந்தியது.

"சிந்துது" என்றாள் அல்போன்சம்மாள்.

பதினாறரை டின். பெருக்கிப் பார்த்தார். நானூற்று மூன்று மில்லிமீட்டர். அவர் வாழ்நாளில் ஒரே நாளைக்கு எழுதப்போகிற மிகப் பெரிய எண். அதைக் கட்டத்தில் எழுதி, குறிப்புப் பகுதியில் நுணுக்கி எழுதினார்: அளந்தது என் மனைவி, பால் டின்னால்.

புதன்கிழமை காலை மாணிக்கம் வந்தான். எண்ணைப் பார்த்து விசில் அடித்தான். குறிப்பைப் பார்த்து முகம் சுருங்கினான்.

"அண்ணே, என்ன இது? பால் டின்னுன்னு எழுதினா மேல இருக்கிறவங்க சந்தேகம்னு ஸ்டார் போட்டுடுவாங்க லா. ஸ்டார் போட்டா கணக்கு டேபிள்ல ஏறாது. டேபிள்ல ஏறலைன்னா இஞ்சினியரு பாக்க மாட்டான்."

"நடந்தது அதுதானே தம்பி? நான் பூன் லேல இருந்தேன்."

"நான் நம்புறேன். நம்பர் கரெக்டாத்தான் இருக்கும். ஆனா இந்தக் குறிப்பு இருந்தா வேற எங்கேயோ தூரத்துக் கேஜு காட்டின எரநூத்துச் சொச்சத்தை எடுத்து வெச்சு ஆத்தை வெட்டுவாங்க. வேற அட்டை தர்றேன். நம்பரை எழுதி, கையெழுத்தை மட்டும் போடுங்க."

"முடியாது. அவ அளந்ததை நான் அளந்தேன்னு எழுத மாட்டேன். பதினாலு வருஷத்துல நான் பாக்காத ஒரு சைபரைக்கூட எழுதினதில்ல."

தேத்தண்ணீரைக் கொண்டுவந்த அல்போன்சம்மாள் தட்டோடு நின்றாள். "நம்பர் உள்ள போகணும்னா எம் பேரு இருக்கக் கூடாது. அப்படித்தானே தம்பி?"

"ஆமாக்கா."

"எடுத்துடுங்க."

"நீ சும்மா இரு" என்றார் இயேசுதாசன்.

"ஏன் சும்மா இருக்கணும்? மைமூன் மகன் கழுத்து மட்டும் தண்ணில நின்னான். அந்தத் தோட்டக்காரச் சீனன் பொண்டாட்டி ரெண்டு பன்னிக்குட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேட்டுக்கு ஏறினா. எம் பேரு டேபிள்ல ஏறி எனக்கு என்ன ஆகப்போகுது? கால்வாய் அகலமா வரணும்."

"என்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"நம்பர் பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போடுங்க."

இயேசுதாசன் பழைய அட்டையின் குறிப்பை இன்னொரு தடவை வாசித்தார். தேத்தண்ணீரில் ஆடை படிந்தது. கடைசியில் புது அட்டையை வாங்கி, நானூற்று மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதியதிலேயே சரியான எண்ணும் அதுதான், அவர் போட்ட ஒரே பொய்க் கையெழுத்தும் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை ஆபீர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். "பொய் சொல்லிட்டேன் சாமி, மழையைப் பத்தி" என்றார். "பெய்யாததைப் பெய்ததுன்னு சொன்னியா?" என்று கேட்டார் சாமியார். "இல்ல சாமி, பெய்ஞ்சது." சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். இவர் ஒரு முழு ஜெபமாலையே சொல்லியும் மனசு ஆறவில்லை.

கம்போங் எழுந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனது. ஆற்றை வெட்டினார்கள். எண்பத்திரண்டில், இரு பக்கமும் காங்கிரீட் சுவரோடு, ஒரு பெரிய ரோடு அளவுக்கு அகலமாகக் கால்வாய் வந்துவிட்டது. வந்ததும் மழை நின்றுவிட்டது. எண்பத்து மூன்று பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வெயில். மார்ச்சில் மின்விசிறி நெருப்பை வீசியது. டேக்கா மார்க்கெட்டில் கீரைக்கட்டு பத்து மணிக்கே துவண்டது. பெரிய கால்வாயின் நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது, அதில் பிள்ளைகள் மீன் பிடித்தார்கள். "இதுக்கா இம்மாம் பெரிய லோங்காங்?" என்று ஜனங்கள் சிரித்தார்கள்.

இயேசுதாசன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றது அந்த ஏப்ரலில். பள்ளி மண்டபத்தில் சின்ன விழா. மாணிக்கம் இப்போது பெரிய ஆபீசராகி டை கட்டியிருந்தான். வானிலை ஆபீஸ் சார்பில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொண்டுவந்திருந்தான். தமிழாசிரியை சந்திரமதி அதைச் செந்தமிழில் வாசித்தார்: "பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் மழையை அளந்தவர். எழுபத்தெட்டாம் ஆண்டுப் பெருமழையைத் தம் கைகளாலேயே அளந்து பதிவுசெய்தவர்."

கைதட்டல். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது மூன்றாவது வரிசையில் இருந்த அல்போன்சம்மாள்.

பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் இங்க இல்ல" என்றார். "பூன் லேல மக வீட்டுல இருந்தேன். அந்த மழையை அளந்தது எம் பொண்டாட்டி. பேரு அல்போன்சம்மாள். அதோ உக்காந்திருக்கு. பால் டின்ல அளந்துச்சு. என் கண்ணாடியைவிட அந்தக் கை சுத்தம். கையெழுத்து மட்டும்தான் என்னுது. அது பொய்."

மாணிக்கம் டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன்தான் எழுந்து முதலில் கைதட்டினான். மூன்றாவது வரிசையில் முந்தானை முகத்தை மூடிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது கால்வாய் ஓரமாகத்தான் வர வேண்டும். வெயில் காங்கிரீட்டில் பட்டுக் கண் கூசியது. பாலத்தின் நடுவில் அல்போன்சம்மாள் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு ஏதாவது அறிவிருக்கா? நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு இன்னிக்கு அத்தனை ஆபீசர் முன்னாடியுமா சொல்லணும்? ஏற்கெனவே தண்ணி இல்லாத கால்வாய்னு ஊரே சிரிக்குது. இப்பப் பால் டின்னை நம்பி வெட்டினதுன்னு தெரிஞ்சுபோச்சு. மண்ணைத் தள்ளி மூடிடப்போறாங்க, பாத்துக்கிட்டே இருங்க!"

இயேசுதாசன் கைப்பிடிச் சுவரில் பாராட்டுப் பத்திரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூட மாட்டாங்க அல்போன்சு. காங்கிரீட்டு காயட்டும்னுதானே நாலு வருஷம் பொறுத்துக்கிட்டு இருந்தேன்?"